கயிறு கட்டும் கை

கையில வேலை இருந்தாத்தான் எனக்குப் பேச்சு வரும், தப்பா நினைச்சுக்காதீங்க்கா. மூஞ்சியைப் பார்த்துப் பேசுன்னா ஒரு வார்த்தை வராது. நீங்க அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க. நான் இந்தக் கயிறைத் திரிச்சுக்கிட்டே சொல்றேன். கால் கட்டைவிரல்ல நுனியை மாட்டிக்கிட்டாத்தான் முறுக்கு நிக்கும். கறுப்பு நூல் மூணு புரி, நடுவுல மெல்லிசா ஒரு கட்டுக்கம்பி. கம்பி எதுக்குன்னு அப்புறம் சொல்றேன். கடைக் கயிறெல்லாம் நாலு மழைக்கு இத்துப் போயிடும். இது போகாது.

உங்க வண்டிக்குத்தான் இது. உங்க வீட்டுக்காரர் வாசல்ல நின்னு அந்தப் புது விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறார் பாருங்க. கொல்லிமலை ஏறி, அப்படியே நாடு சுத்தப் போறீங்களாமே. பின்னாடி உட்கார்ந்தா அவ்வளவு தூரம்? இடுப்பு என்னத்துக்காகும்!

வேலையெல்லாம் காலையிலேயே முடிஞ்சது. எங்க வீட்டுக்காரர் ஏதோ சாமான் வாங்கச் சேலம் போயிருக்கார். போகும்போது, "நான் வர்ற வரைக்கும் வண்டியை அனுப்பாதீங்க"ன்னு சொல்லிட்டுத்தான் போனார். எதுக்குன்னு எனக்குத் தெரியாது. எங்க அத்தை ராகு காலம் பொறக்கறதுக்குள்ள அனுப்பிடணும்னு எலுமிச்சம்பழத்தோட நிக்கறாங்க. இந்த வீட்டுல யார் பேச்சு நிக்கும்னு நான் சொல்லணுமா?

வந்ததும் உங்க வீட்டுக்காரர் என்ன கேட்டார், கவனிச்சீங்களா? "தமயந்தி மேடம் இல்லீங்களா?"ன்னு. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. அவ போயி ரெண்டு வருஷம் ஆச்சு. யாரோ எடுத்துப் போட்ட வீடியோ இன்னும் ஃபோன்ல ஓடிக்கிட்டிருக்காம். அவ வண்டிக்கு அடியில படுத்திருக்கிற மாதிரி. கல்யாணமாகாத பொண்ணு படுத்திருக்கிறதை ஊரே பார்க்குது, அதுல பெருமை வேற.

தமயந்தி என் நாத்தனார். எங்க வீட்டுக்காரருக்கு நேர் இளையவ.

எங்க மாமனார் லாரிக்கு வயரிங் பண்ணினவர். நாமக்கல்ல லாரிக்கு என்ன பஞ்சம். இந்தப் பொண்ணை சின்னதுலேயே லாரிக்குள்ள ஏத்திவிட்டு, சந்துபொந்துல வயர் இழுக்கப் பழக்கிட்டார். அவர் போனதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரர் கடையை இந்த மாதிரிப் பெரிய பைக்குகளுக்குன்னு மாத்தினார். மஞ்சள் விளக்கு, ஃபோனுக்கு சார்ஜர், ஊரைக் கூட்டுற ஹார்ன், குளிர்ல கை விறைக்காம இருக்கக் கைப்பிடியே சூடாகுற சமாச்சாரம், எல்லாம் மாட்டுவாங்க. கடை பேருக்குத்தான் அவரோடது. வேலை அவளோடது. அவர் மாட்டுவார், அவ பிரிச்சு மறுபடி மாட்டுவா. "அண்ணா, நீ பில்லைப் போடு, நான் வண்டியைப் பார்க்கறேன்"னு எல்லார் முன்னாடியும் சொல்லுவா. அவரும் சிரிப்பார். எனக்குத்தான் சிரிப்பு வராது. கட்டின பொண்டாட்டி, எனக்குச் சுருக்குன்னு இருக்காதா?

நான் ஆறாவதோட நின்னவ. ரிலே எது, ஃப்யூஸ் எதுன்னு இன்னிக்கும் தெரியாது. ஆனா இந்தக் கடையில இருந்து ஒரு வண்டி கிளம்பணும்னா என் கை பட்டாகணும். லாரிக் காலத்துல இருந்து அதுதான் வழக்கம். கருப்பணார் கோயில்ல வச்சு எடுத்த நூல்ல திரிச்ச கயிறை, சுமங்கலி கையால வண்டியோட கழுத்துல, ஹேண்டிலுக்குக் கீழே, கட்டணும். மாமனார் போனதும் அத்தை கட்டக் கூடாதுன்னு ஆயிடுச்சு. தமயந்தி கல்யாணமாகாதவ, அவளும் கட்டக் கூடாது. அப்புறம் யாரு? நான்தான். அதுலயும் ஆம்பளப் புள்ள பெத்த கை. அந்தா தொட்டில்ல தூங்கறானே, அவன் பிறந்ததுக்கப்புறம் அத்தை என் கையைப் பிடிச்சுப் பார்த்து, "இந்தக் கை கட்டினா எமனே ஒதுங்குவான்"னாங்க. அன்னிக்குத்தாங்க்கா இந்த வீட்டுல என்னை ஒரு ஆளா எண்ணினாங்க.

இப்ப அந்த டாக்டர் கதைக்கு வர்றேன்.

ஈரோட்டுல இருந்து ஒரு பல் டாக்டர் வந்தார், நவநீதன்னு பேரு. தங்கமான மனுசன், பேச்சே வலிக்காது. வடக்கே மலையெல்லாம் ஏறப் போறேன், விளக்கு நல்லா வேணும்னார். நாலஞ்சு நாள் வந்து வந்து போனார். தமயந்தி வேலை செய்ய, அவர் பக்கத்துலேயே குந்தி உட்கார்ந்து பார்ப்பார். "இது எதுக்குங்க மேடம்? அது எதுக்குங்க மேடம்?" அவ நிமிராமப் பதில் சொல்லுவா.

ஒரு நாள் நான் காபி கொண்டு போய் வச்சேன். ரெண்டு பேரும் நிமிரல. வயர் ஒண்ணு கைப்பிடியில இருந்து டேங்குக்கு அடியில போகுது, அந்த இடத்துல அவ கொஞ்சம் தொங்கலா விட்டிருந்தா. "இங்க விரலை வைங்க சார்"ங்கறா. ஹேண்டிலை இந்தப் பக்கம் முழுசா ஒடிக்கிறா, அந்தப் பக்கம் முழுசா ஒடிக்கிறா. "இழுக்குதா?" "இல்லீங்க." "இழுக்கக் கூடாது. ஹேண்டில் திரும்பும், வண்டி உடம்பு திரும்பாது. நடுவுல இருக்கிற வயருக்கு இடம் விடலைன்னா வளைவுல பிடிச்சுக்கும்." டாக்டர் ஏதோ சாமி சொன்ன மாதிரி தலையாட்டறார். நான் தட்டோட நின்னுக்கிட்டே இருந்தேன். காபியில ஆடை படிஞ்சு போச்சு. கடைசியில அவ திரும்பிப் பார்த்து, "அண்ணி, அந்த டார்ச்சைக் கொஞ்சம் எடுங்க"ங்கறா.

டார்ச்சு எடுக்கவா நான் வாக்கப்பட்டு வந்தேன்? எடுத்துக் குடுத்தேன். வாயைத் திறக்கலையே. நான் வாயில்லாப் பூச்சிங்க்கா, யாரை வேணா கேளுங்க.

அந்த வாரம்தான் போர்டு எழுதறவன் வந்தான். கடைக்குத் தமயந்தி பேரையே வைக்கறதுன்னு எங்க வீட்டுக்காரர் முடிவு பண்ணிட்டார். "வர்றவன் எல்லாம் அவ பேரைத்தானே கேக்கறான், அதையே எழுதிடலாம்." அவளுக்கு அதுதான் உசிரு. கல்யாணம் வேண்டாம், நகை வேண்டாம், அந்தப் பலகையில பேரு வேணும். போர்டுக்காரன் முதல் எழுத்தை மட்டும் பெயின்ட்ல போட்டுட்டு, மிச்சத்தைச் சாக்பீஸால கோடு போட்டு வச்சுட்டுப் போனான். அவ போறப்ப வர்றப்ப அதை நின்னு நின்னு பார்ப்பா.

டாக்டர் வண்டி முடிஞ்ச அன்னிக்குக் காலையில அவ வீட்டுக்குத் தூரமாயிட்டா. ரகசியமா என்கிட்டதான் துணி கேட்டா. "அம்மாகிட்டச் சொல்லாதீங்க அண்ணி, பூசை முடிஞ்சு வண்டியை ஒரு தடவை பார்த்துட்டு உள்ள போயிடறேன்"னா. சாமி காரியம், அதை மறைக்கலாமா? நான் அத்தைகிட்டச் சொல்லிட்டேன். அத்தை அவளைக் கம்ப்ரசர் பக்கமாப் போய் நிக்கச் சொல்லிட்டாங்க, வண்டிக்கிட்ட வரவே கூடாதுன்னு.

கற்பூரம் காட்டியாச்சு. எலுமிச்சம்பழம் டயர்ல வச்சாச்சு. என்னைக் கூப்பிட்டாங்க. நான் கயிறைக் கொண்டு போய்ப் பார்த்தா, அந்த வயர் அப்படியே வெளியே தொங்குது, அறுத்த கோழியோட குடல் மாதிரி. அவ்வளவு அழகான வண்டி, கழுத்துல இது. எனக்கே கூச்சமாப் போச்சு. நான் அதைச் சேர்த்து இழுத்து, டேங்குக்கு அடியில இருக்கிற குழாயோட வச்சு, சுத்திச் சுத்தி இறுக்கிக் கட்டினேன். தொங்கலே தெரியல. அப்பத்தான் வண்டிக்கு ஒரு லட்சணம் வந்துச்சு.

கம்ப்ரசர் பக்கத்துல இருந்து அவ கத்தறா, "அண்ணி, அங்க வேண்டாம்! கண்ணாடியில கட்டுங்க! கண்ணாடியில!"

அத்தைக்குக் கோபம் வந்துடுச்சு. "தூரத்துல நிக்கிறவ சாமி காரியத்துல வாயை விடாதே. அவ கைக்கு நீ வழி சொல்றியா?"

"அம்மா, ஹேண்டிலை ஒரே தடவை திருப்பிப் பார்க்கச் சொல்லும்மா! சார், சார்!"

டாக்டர் அதுக்குள்ள ஹெல்மெட் மாட்டி வண்டியைக் கிளப்பிட்டார். அவ கத்தறது வழியனுப்பறான்னு நினைச்சுக் கையை ஆட்டினார். பழத்தை நசுக்கிட்டா திரும்பாம நேராப் போகணும், அதுதான் முறை. அத்தை சொன்ன மாதிரியே நேராப் போனார். பைபாஸ் வரைக்கும் நேர் ரோடுதானே.

வடக்கே போறதுக்கு முன்னாடி பழகிக்கலாம்னு மறுநாள் காலையில கொல்லிமலை ஏறியிருக்கார். அங்க ஒரு கொண்டை ஊசி வளைவு. வண்டி திரும்பலையாம். ஹேண்டில் பாதியில பிடிச்சுக்கிச்சாம். நேராப் போய்ச் சுவத்துல முட்டி, வண்டி அவர் கால் மேலேயே விழுந்துடுச்சு. முட்டிக்குக் கீழே எடுத்துட்டாங்க. வலது கால். ஆனா உசிரு இருக்கு பாருங்க! அந்தச் சுவத்துக்கு அந்தாண்ட அதல பாதாளம். அவ்வளவு உயரத்துல இருந்து விழாமத் தடுத்தது எது? வண்டியை மினி லாரியில போட்டு இங்க கொண்டு வந்து இறக்கினப்ப, விளக்கு நொறுங்கிப் போச்சு, கண்ணாடி போச்சு, என் கயிறு மட்டும் அவுழாம அப்படியே இருந்துச்சுங்க்கா. அத்தை அதைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

தமயந்தி ஓடி வந்தா. வண்டி முன்னாடி மண்டி போட்டா. அப்புறம் கத்தினா பாருங்க. "அண்ணா, கயிறைப் பாரு! வயரை எங்க வச்சுக் கட்டியிருக்குன்னு பாரு! நான் இடம் விட்டிருந்தேன், இதுதான் பிடிச்சு இழுத்திருக்கு!"

அத்தை விட்டாங்க ஒரு அறை. "உசிரைக் காப்பாத்தின கயிறைக் குத்தம் சொல்றியா? தூரத்தோட வந்து வண்டியை நீ தொட்டதுக்குத்தான்டி இந்தத் தண்டனை!"

அவ என்னைப் பார்த்தா. "அண்ணி, நீங்களாச்சும் சொல்லுங்க. நான் தொங்கல் விட்டிருந்தேன்ல? நீங்க பார்த்தீங்கல்ல?"

சுத்தி அத்தனை ஆம்பளைங்க. நான் எப்படிங்க்கா பேசறது? எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கும். எங்க வீட்டுக்காரர் குனிஞ்சு அந்தக் கயிறையே பார்த்துக்கிட்டு இருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் கொழந்தையை இந்த இடுப்புல இருந்து அந்த இடுப்புக்கு மாத்தினேன். அவர் எழுந்து கையைத் துடைச்சுக்கிட்டு, "வயருக்கு இடம் பத்தல. உன் வேலைதான் தமயந்தி"ன்னார்.

அவ்வளவுதான். கூடப் பிறந்தவனே சொல்லிட்டான், அப்புறம் என்ன? அத்தை கயிறைப் பத்திரமா அவுத்து சாமி படத்துல மாட்டினாங்க. அதோ, அந்த வேல் பக்கத்துல இருக்கே, அதுதான். தொட்டுக் கும்பிட்டுக்குங்க, ஒண்ணும் தப்பில்ல.

டாக்டரைப் பார்க்க எல்லாரும் போனோம். அத்தை தமயந்தியைத் தள்ளி, "கால்ல விழுடி"ன்னாங்க. யார் கால்லன்னு அவளுக்குத் தெரியல. அவருக்குத்தான் ஒரு கால் போர்வைக்குள்ள இல்லையே. அவரோட அம்மா கால்ல விழுந்தா. அந்தம்மா காலை இழுத்துக்கிட்டாங்க. நான் வாசப்படிக்கிட்டயே நின்னுட்டேன், ஆஸ்பத்திரி வாடை கொழந்தைக்கு ஆகாது.

அந்த டாக்டர் சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தா இவளுக்கு ரெண்டு திட்டோட போயிருக்கும். அவர் தலையைத் தூக்கி, "அவங்களை எழுப்புங்க. அவங்க வேலையில தப்பு இருக்காது. எனக்குத் தெரியும்"னுட்டார். நல்லதுன்னு நினைச்சுத்தான் சொன்னார், பாவம். அங்கேயே அத்தை முகம் மாறிடுச்சு. பஸ்ல வரும்போது கேட்டாங்க, "கால் போனவன் வக்காலத்து வாங்கறான்னா, என்னடி நடந்துச்சு வண்டிக்கு அடியில?" அப்படிக் கேட்டுட்டு என்னைப் பார்த்தாங்க. "நீ காபி குடுக்கப் போவியே கஸ்தூரி, நீ சொல்லு."

நான் ஒண்ணும் சொல்லலைங்க்கா. சத்தியமா ஒரு வார்த்தை சொல்லல. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன், அவ்வளவுதான். நான் எப்பவுமே குனிஞ்சுதானே இருப்பேன்? அதுக்கு அவங்க அர்த்தம் பண்ணிக்கிட்டா நான் என்ன பண்றது?

மாசி தாண்டறதுக்குள்ள கல்யாணத்தை முடிச்சுட்டாங்க. பரமத்திப் பக்கம், கோழிப் பண்ணையில மேஸ்திரி. மொத சம்சாரத்தைப் பறிகொடுத்தவர். வயசு கொஞ்சம் கூடத்தான், ஆனா எதுவும் கேக்காமக் கட்டிக்கிட்டார். அவளை அதே பண்ணையில வேலைக்கும் சேர்த்துவிட்டார். குஞ்சுக்கு மூக்கு வெட்டற வேலை. ஒண்ணை ஒண்ணு கொத்திக்காம இருக்கறதுக்கு மூக்கைச் சுட்டு வெட்டுவாங்கல்ல, பழுக்கக் காஞ்ச தகடு இருக்கிற மெஷின்ல, அது. பிடி, வை, சுடு, போடு. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும். எங்க அத்தை தமாஷா சொல்லுவாங்க, "கரண்டு வேலைன்னா அவளுக்கு உசிராச்சே, அந்த மெஷினும் கரண்டுலதான் ஓடுது"ன்னு. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு.

போர்டா? அது வீணாகல. முதல் எழுத்து பெயின்ட்ல போட்டாச்சுல்ல, சாக்பீஸ் கோட்டை மட்டும் அழிச்சுட்டு 'தர்ஷன் ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்'னு எழுதிட்டாங்க. தர்ஷன்தான் எங்க பையன். நல்லவேளை, ரெண்டு பேருக்கும் ஒரே எழுத்து.

பையன் காதுகுத்துக்கு அவ வந்தா. ஆளே கறுத்துப் போயிட்டா, தலைமுடியில எல்லாம் தீய்ஞ்ச வாடை. மொய்யை வச்சுட்டு நேராக் கடைக்குள்ள போனா. அங்க ஒரு வண்டி கயிறு கட்டி நின்னுச்சு. ஹேண்டிலைப் பிடிச்சு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினா. திருப்பிட்டு என்கிட்ட மெதுவா, "இன்னும் அங்கேதான் கட்டறீங்களா அண்ணி?"ன்னா. "சாமிக் கயிறைக் கழுத்துல கட்டறதுதானே முறை"ன்னேன். அவ உடனே அண்ணனைத் தனியாக் கூட்டிட்டுப் போய் என்னமோ அழுதா. கைமாத்துக் கேட்டிருப்பா. வேற என்ன இருக்கு அவளுக்குக் கேக்க? சாப்பிடாமப் போயிட்டா.

அதுல இருந்துதான் எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் வந்துச்சு. எந்த வண்டி கிளம்பினாலும் பைபாஸ் முக்கு வரைக்கும் இவரும் பின்னாடியே போய் வழியனுப்பிட்டுத்தான் வருவார். அவ்வளவு அக்கறை. சட்டைப் பையில அந்த வயர் வெட்டற கட்டரு எப்பவும் இருக்கும், தொழில் புத்தி போகாது.

ஆனா பாருங்க, ஒரு நாள் ரேசன் கடைக்குப் போறேன், பைபாஸ் முக்குல வேப்பமரத்தடியில என் கயிறு! என் கை முறுக்கு எனக்குத் தெரியாதா? ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு குவியலே கிடக்கு. எல்லாம் கத்தரிச்ச மாதிரி. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. யாரோ வேணும்னே அறுத்துப் போடறாங்க. யாரோ என்ன யாரோ, எனக்குத் தெரியும். பரமத்தியில இருந்து ஆள் வச்சுச் செய்யறா. போர்டுல பேரு போன வயித்தெரிச்சல். வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். அவர் கைகழுவப் போயிட்டார். தங்கச்சியாச்சே, விட்டுக்குடுப்பாரா?

அதுக்குத்தான் இந்தக் கட்டுக்கம்பி. நேத்துதான் யோசனை வந்துச்சு. உள்ள கம்பி ஓடுதுன்னு வெளியே தெரியாது. இனிமே எந்தக் கட்டரு வச்சாலும் லேசுல அறாது. உங்க வண்டிக்குத்தான் மொத மொதல்ல இதைக் கட்டப் போறேன்.

என்னங்க்கா? ஏன் என் கையைப் பிடிக்கிறீங்க? நான் அழலைங்க்கா, பழசை நினைச்சு நான் அழறது இல்ல. இருங்க, ஏன் எந்திரிக்கிறீங்க? உங்க வீட்டுக்காரர் எங்க போயிடப் போறார், அதோ ஹெல்மெட் போட்டுக்கிட்டுத்தானே நிக்கிறார். கயிறைக் குடுங்க்கா, அது கீழே படக்கூடாது, குடுங்க...

"கஸ்தூரீ! கற்பூரம் ஏத்தியாச்சு, ராகு காலம் பொறக்கப் போகுது, கயிறோட வா!"

இதோ வந்துட்டேன் அத்தை! விடுங்க்கா, கூப்பிடறாங்கல்ல, நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க, காலையிலேயே பார்த்தேன், உங்க வண்டியிலயும் அந்த வயரு அப்படியே அசிங்கமாத் தொங்கிக்கிட்டுத்தான் இருக்கு, நான் போய் நல்லா இழுத்துப் பிடிச்சு